கமான்
பெரம்பலூர்ப் பட்டறைக்குப் பிக்கப்போடு வரும் இளைஞர் கேட்பது, “சஸ்பென்ஷன இறக்கணும்ணே.” மெக்கானிக் கை வைப்பதோ கமான் பட்டையில். கமான் பாரசீகச் சொல், பொருள் வில். பட்டறையில் அது வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்காயிற்று. பழசானால் கொல்லன் உலையில் அரிவாளாகவும் ஆகும். அதே பட்டையை மாட்டுவண்டியில் பூட்டி வில்வண்டி என்றவர்கள் நாம். ‘வில்பட்டை’ என்றெழுத ஆசைதான். ஆனாலும் கமானை விரட்ட மனமில்லை. ‘அலைன்மென்ட் போச்சு’ என்பதற்குத்தான் ‘கோணிக்கிச்சு’ போதுமே! வண்டியை இறக்கப் பட்டை உருவி மாட்டும்போது சென்டர் போல்ட் அதன் குழியில் உட்காராவிட்டால் அச்சு கோணும். ஸ்டியரிங்கை நேரே பிடித்தாலும் வண்டி ஒருபக்கம் இழுக்கும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் லாரிக்காரருக்கோ சஸ்பென்ஷனை இறக்கும் ஆசையே கிடையாது. பாரம் தாங்கக் கூடுதல் பட்டை ஏற்றுவதுதான் அவர் கவலை.