நிறம் மாறும் கண்ணாடிக் குழாய்



கண்ணுக்குப் புலப்படாத நஞ்சை மனிதன் எவ்வாறு கண்டறியத் தொடங்கினான் என்னும் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தொழிற்சாலைகளின் நடுவே வளரும் மாணவர்கள் இதனை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

அவ்வட்டாரத்திற்கு வடக்கே, மாநில எல்லைக்கு அப்பால், கோலார் தங்கவயல் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்ட அச்சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் உழைத்தனர். ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம். பாறையை வெடிவைத்துப் பிளந்தால் எழும் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவும் கலந்திருக்கும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும்.

இதனை அறிய அக்காலத்தில் வழி என்ன? 1890-களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, சிறு பிராணிகளைச் சுரங்கத்திற்குள் கொண்டுசெல்லுமாறு யோசனை கூறினார். மனிதன் மயங்குமுன் கானரிப் பறவை மயங்கி விழும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை இவ்வழக்கம் நீடித்தது. ஓர் உயிர் சாய்வதே அங்கு அபாய அறிவிப்பாக இருந்தது.

அந்த நிலையை மாற்றியது ரசாயனம். முதல் உலகப்போரையொட்டி, அமெரிக்கர்களான லாம்ப், ஹூவர் என்னும் இருவரும் அயோடின் பென்டாக்ஸைடையும் புகையும் கந்தக அமிலத்தையும் நுரைக்கல் துகளில் ஏற்றிக் கண்ணாடிக் குழாயில் அடைத்தனர். கார்பன் மோனாக்ஸைடு அதனூடே சென்றால் அயோடின் விடுபட்டு நிறம் மாறும். 1937-இல் ஜெர்மனியின் ட்ரேகர் நிறுவனம் இவ்வகைக் குழாய்களைத் தயாரிக்கத் தொடங்கியது.

இதனைப் பயன்படுத்தும் முறை எளிது. இருமுனையும் மூடிய குழாயின் முனைகளை ஒடித்து, கைப்பம்பில் பொருத்தி, குறித்த அளவு காற்றை இழுக்க வேண்டும். துகள் எவ்வளவு நீளத்திற்கு நிறம் மாறியதோ அதனைக் குழாயின்மேல் உள்ள அளவுகோட்டில் படிக்கலாம். ஹைட்ரஜன் சல்பைடுக்கான குழாயில் ஈய உப்பு இருக்கும், அது பழுப்பாகும். மதுவருந்திய ஓட்டுநரின் மூச்சைச் சோதித்த பழைய குழாய்களில் ஆரஞ்சு நிற டைக்ரோமேட் பச்சையாயிற்று. உங்கள் கல்லூரிச் சோதனைச்சாலையில் நீங்கள் காணும் அதே வினைதான்!

ஆயினும் குழாய், கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை கூறும். ஒரு வாயுவுக்குரிய குழாய் மற்றொன்றைக் காட்டாமலிருக்கலாம். சில வேளை வேறு வாயுவும் நிறத்தை மாற்றிவிடும். காலாவதியான குழாயை நம்பலாகாது. மின்னணுக் கருவிகள் பெருகிய இக்காலத்திலும், மின்கலம் வேண்டாத இச்சிறு குழாய் பயன்பட்டே வருகிறது.

1984 டிசம்பரில் நிகழ்ந்த போபால் பேரழிவுக்குப் பின், 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் பத்து லட்சம் பங்குக்குக் கார்பன் மோனாக்ஸைடு 50 பங்கு, ஹைட்ரஜன் சல்பைடு 10 பங்கு என்று வரம்பு வகுக்கப்பட்டது. அளக்காமல் வரம்பைக் காப்பது எப்படி? நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டியிலோ குழியிலோ ஆள் இறங்குமுன், தகுதியுடையவர் தாமே சோதித்து எழுத்தில் சான்றளிக்க வேண்டும். இன்றேல் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு விதித்திருந்தது.

இருந்தும் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கியவர்கள் மாண்ட செய்திகளை நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம். அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு, அளவு மிகுந்தால் நுகரும் ஆற்றலையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றது என்று எண்ணி இறங்குபவர் மீள்வதில்லை. அவரைக் காக்கக் குதிப்பவரும் அவ்வாறே. சோதியாமல் ஒருவரை முதலில் இறக்குவது, அவரைக் கானரிப் பறவையாக்குவதேயாகும்.

மாணவர்களே, நாளை உங்களுள் பலர் வேதியியலாராகவும் பொறியியலாராகவும் மேற்பார்வையாளராகவும் பணியேற்பீர்கள். ஒருவரைக் குழிக்குள் இறங்கச் சொல்லும் அதிகாரம் உங்கள் கைக்கு வரும். அன்று முதலில் இறங்க வேண்டியது கண்ணாடிக் குழாயே.