பயணிப் புறாவும் துக்கப் புறாவும்

வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் மிக அதிகமாக இருந்த பறவை பயணிப் புறா. 300 முதல் 500 கோடி வரை இருந்ததாகக் கணிக்கப்படுகிறது. இன்று ஒன்றுகூட இல்லை. அதே மண்ணில் வாழ்ந்த துக்கப் புறாவோ இன்றும் கோடிக்கணக்கில் வாழ்கிறது. இரண்டுமே வேட்டையாடப்பட்டவைதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

வகைப்பாடு

இரண்டும் கொலம்பிடே என்னும் புறாக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நீண்ட கூர்மையான வால் இரண்டுக்கும் உண்டு. 1758-ல் லின்னேயஸ் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டார். 1766-ல்தான் பயணிப் புறாவைத் தனி இனமாகப் பிரித்தார். துக்கப் புறா அதன் நெருங்கிய உறவினர் அல்ல என்பதைப் பிற்கால மரபணு ஆய்வுகள் காட்டின.

வாழிடம்

பயணிப் புறா வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வாழ்ந்தது. துக்கப் புறா தெற்குக் கனடாவிலிருந்து பனாமா வரை, வயல், தோட்டம், ஊர் எங்கும் காணப்படுகிறது. சோகமான கூவலால் அதற்கு இப்பெயர் வந்தது.

அழிவின் வரலாறு

பயணிப் புறாக்கள் பெருங்கூட்டமாகவே கூடு கட்டின. ஒரு கூட்டில் ஒரு முட்டைதான். 19-ஆம் நூற்றாண்டில் தந்தியும் ரயிலும் வந்தன. கூட்டம் தங்கிய இடம் தந்தி மூலம் வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்தது. கொன்ற பறவைகள் பீப்பாய்களில் ரயிலேறி நகரச் சந்தைகளுக்குப் போயின. 1878-ல் மிச்சிகன் மாநிலத்தின் பெட்டாஸ்கி அருகே பல வாரங்கள் இந்தக் கொலை நடந்தது. காடுகளும் வெட்டப்பட்டன. 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் மார்த்தா என்ற கடைசிப் பறவை இறந்தது.

துக்கப் புறா தனித்தனியாகக் கூடு கட்டும். இரண்டு முட்டைகள் வீதம் ஆண்டுக்குப் பலமுறை இடும். காடு அழிந்து வயலானது அதற்குச் சாதகமாகவே அமைந்தது. 1918-ல் வந்த வலசைப் பறவைகள் சட்டம் வேட்டைக்கு வரம்பும் விதித்தது.

இன்றைய நிலை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் பயணிப் புறா 'அற்றுப்போன இனம்'. துக்கப் புறா 'தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்'.

எண்ணிக்கை அதிகம் என்பதால் மட்டும் ஓர் உயிரினம் பிழைத்துவிடாது. கூட்டமாக வாழ்ந்த பறவைக்கு அந்தக் கூட்டமே எமனானது. காக்கும் சட்டமோ, மார்த்தா இறந்து நான்கு ஆண்டுகள் கழித்தே வந்தது.