சதயம்: நாளாகிப் போன மீன்

தஞ்சாவூரில் சதயம் என்றால் விழா. ஐப்பசிச் சதயம் ராஜராஜ சோழனின் பிறந்தநாள். அன்று பெரிய கோயில் பெருவுடையாருக்குப் பேரபிஷேகம், அரசன் சிலைக்கு மாலை. திருப்புகலூர்க்காரர்களைக் கேட்டால் சித்திரைச் சதயம் என்பார்கள். அப்பர் முக்தியடைந்த நாள். சதயம் ஒரு விண்மீன் என்பது மட்டும் யாருக்கும் சட்டென நினைவில் வராது.

சொல்லின் மூலம் வடமொழிச் சதபிஷக், நூறு மருத்துவர் என்று பொருள். சததாரகை, அதாவது நூறு மீன், என்றும் பெயருண்டு. இடையெழுத்துகள் தேய்ந்து சதயமாக நமக்கு வந்து சேர்ந்தது. பெரிய கோயில் கல்வெட்டில் இது ‘திருச்சதையம்’. மாதம் ஒன்றாக ஆண்டுக்குப் பன்னிரண்டு சதயத் திருவிழாக்களுக்கு அரசன் நிவந்தம் வைத்தான். ‘திரு’ ஒட்டிக்கொண்டபோதே சொல் வானத்தைவிட்டு அரண்மனைக்கு இறங்கிவிட்டது என்பேன். மலையாளத்தில் அது சதயமாகவே நின்று, நாராயண குருவின் பிறந்தநாளைக் குறிக்கிறது.

நிகண்டுகள் இதற்குத் தரும் தமிழ்ப்பெயர் செக்கு. மங்கல் மீன்கள் வட்டமாய்ச் சிதறிக் கிடப்பதைக் கண்ட யாரோ வைத்த பெயராக இருக்கலாம். எனக்கு நூறு மருத்துவரைவிட இதுவே பிடித்திருக்கிறது. இந்த மீன்கள் கும்பராசியில் உள்ளவை. தலைமை மீனான லாம்டா அக்வாரியின் ஒளியளவே சுமார் 3.7, அதாவது மங்கல்தான். மற்றவை அதைவிட மங்கல்.

வேடிக்கை என்னவென்றால், சதய விழா இரவில் சதயத்தைப் பார்க்க முடியாது. நிலா அந்த மீனருகே நிற்பதால்தானே அது சதய நாள்! ஐப்பசியில் அது பாதியைத் தாண்டி வளர்ந்த நிலா. மங்கல் மீன்களை அதன் ஒளி விழுங்கிவிடும். போதாததற்கு அடைமழைக் காலம்.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தீபாவளி அமாவாசையை ஒட்டி, மழை விட்ட ஓர் இரவு எட்டு மணிவாக்கில், ஊர் விளக்கு எட்டாத வயல்பக்கம் போங்கள். தெற்கே பாதி உயரத்தில் தன்னந்தனியாக ஒளிரும் மீன் ஃபோமல்ஹாட். கையை நீட்டி, அங்கிருந்து உச்சியை நோக்கி ஒரு சாண் அளந்தால் சதயம். கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரமாவது கொடுங்கள். கைப்பேசியை மடியிலிருந்து எடுக்காதீர்கள்.