சேமவச்சு யார் செலவு?

1984ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் ஜேன் ஸ்னோபால் என்னும் 72 வயது மூதாட்டி, தம் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்த கருவியின் பொத்தான்களை அழுத்தி, டெஸ்கோ கடைக்கு ஒரு சிறு பட்டியலை அனுப்பினார். மார்ஜரின், கார்ன்ஃப்ளேக்ஸ், முட்டை. முதியோர் நலனுக்காக நடந்த பரிசோதனை அது. இணையவழி மளிகை வணிகத்தின் வரலாற்றை எழுதுவோர் பலர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். தொழில்நுட்பத்தை உருவாக்கிய மைக்கேல் ஆல்ட்ரிச் பெயரும் ஸ்னோபால் பெயரும் நிலைத்துவிட்டன. முட்டைகளுக்குக்கூட இடம் கிடைத்துவிட்டது. அவற்றை உடையாமல் வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தவரைப் பற்றி அந்த வரலாறு பேசுவதில்லை.

நம் பழைய இலக்கியம் இவ்விடத்தில் வேறு விதமாக நடந்துகொண்டிருக்கிறது. உப்பை வாங்கியவர்களைவிட, உப்பைக் கொண்டுவந்த உமணர்களையே சங்கப் புலவர்கள் கூர்ந்து பார்த்தார்கள். பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் காட்டும் உப்பு வண்டி ஏறக்குறைய ஒரு வீடு. அதில் கோழி உறங்கும் கூடு இருக்கிறது, காடிக் கலம் தொங்குகிறது, குழந்தையுடைய ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். அகநானூற்றின் 140ஆம் பாடலில் அம்மூவனார், தெருவில் உப்பு விலை கூறிவரும் உமணர் மகளைக் காட்டுகிறார். பழகாத குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்க, அவள் அஞ்சி நிற்கிறாள். இன்று அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் பையோடு நிற்கும் இளைஞனுக்கு இந்தக் காட்சிக்கு உரை தேவைப்படாது.

புறநானூற்றின் 102ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவை, ஓர் உப்பு வண்டியை உவமையாக எடுக்கிறார். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. பாரமோ மிகுதி. வழி பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, யாரறிவார்? ஆகவே உமணர் வண்டியின் அடியில் வேறோர் அச்சைக் கட்டிவைக்கிறார்கள். அதுவே சேமவச்சு. தலைவனைப் புகழ வந்த பாட்டுதான். ஆனால் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்காத ஒருவர் இதைப் பாடியிருக்க முடியாது. 307ஆம் பாடலில் வருவது கால் முடமாகி, ஆளில்லாத இடத்தில் உமணரால் கைவிடப்பட்ட எருது. இந்தத் தொழிலின் கணக்கு எப்போதும் கருணையுடையதாக இருந்ததில்லை என்பதற்கு அது போதும்.

வண்டி, எருது, சேமவச்சு எல்லாமே உமணருடையவை. வழியில் முறிந்தால் நட்டமும் அவருடையது. ஆனால் உப்பும் அவருடையது, விலையும் அவர் கூறுவது. நெல்லுக்கு நிகராக உப்பு என்று தெருவில் கூவியது அவர் வீட்டுப் பெண்ணின் குரல்.

இடையில் வந்தவர் அண்ணாச்சி கடைப் பையன். மாதச் சீட்டை வாங்கிப்போய், அரிசியும் பருப்பும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவன். கூலி சொற்பம், வேலை நேரத்துக்கு எல்லை கிடையாது. ஆயினும் சைக்கிள் கடையுடையது. டயர் வெடித்தால் முதலாளி திட்டுவார், காசும் கொடுப்பார். அமெரிக்காவில் 1999இல் வீட்டுக்கு மளிகை கொண்டுசெல்லத் தொடங்கிய வெப்வேன்கூட வண்டிகளைத் தானே வாங்கி, ஓட்டுநர்களை ஊழியர்களாகவே அமர்த்தியது. பெரும்பணத்தைக் கிடங்குகளில் கொட்டிவிட்டு 2001 ஜூலையில் அது திவாலானது. பின்னால், 2012இல் தொடங்கிய இன்ஸ்டாகார்ட் போன்றவை கடையையும் வைத்துக்கொள்ளவில்லை, வண்டியையும் வாங்கவில்லை. பொருள் எடுப்பவர் தம் சொந்தக் காரில் வருகிறார். அவர் ஊழியர் அல்லர், ஒப்பந்தக்காரர்.

இந்தியாவுக்கு இந்த ஏற்பாடு வந்தபோது கூடவே ஒரு சொல்லும் வந்தது: 'டெலிவரி பார்ட்னர்'. பங்காளி என்று தமிழாக்கினால் சொத்தில் பங்குடையவன் என்று பொருள்படும் (பங்காளிச் சண்டை வேறு நினைவுக்கு வரும்). இவருக்கு எதில் பங்கு? பைக் இவருடையது, பெட்ரோல், பஞ்சர், தவணை எல்லாம் இவருடையவை. சரக்கு இவருடையதன்று. ஒரு நடைக்கு எவ்வளவு என்பதைச் செயலி சொல்கிறது. 2021இல் பத்து நிமிட வாக்குறுதி பரவியபோது நேரமும் இவர் கையைவிட்டுப் போயிற்று. உமணரிடமிருந்து வண்டியின் இடரை மட்டும் பிரித்தெடுத்து இவரிடம் கொடுத்துவிட்டு, விலை கூறும் குரலை வேறிடத்தில் வைத்துக்கொண்டார்கள். பழைய தொழில் புதிய கருவியோடு திரும்பி வந்திருக்கிறது என்று எழுதுவோரை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

செயலிவழி வேலை உள்ளிட்ட இவ்வகைத் தொழிலில் 2020-21இல் 77 லட்சம் பேர் இருந்ததாக நிதி ஆயோக் மதிப்பிட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களுக்கு முதன்முறையாகச் சட்டத்தில் ஒரு பெயர் தந்தது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டை நிதிக்குத் தரவேண்டும் என்றது. அது நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பரில்தான். தமிழ்நாட்டில் 2023இல் இவர்களுக்கெனத் தனி நல வாரியம் அமைந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இத்தொழிலாளர்கள் 2,000 பேர் மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. எஞ்சிய விலையை ஓட்டுகிறவரே கட்டவேண்டும்.