நீல அச்சுக்கு எந்தத் தூரிகை?

கையால் நிழற்படம் அச்சிடப் பழகுவோர் பலர் சயனோடைப் எனும் நீல அச்சில்தான் தொடங்குகின்றனர். ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த முறை இது. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசல்களைக் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் தாளில் பூசிக் காயவைக்க வேண்டும். பிறகு நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டி, நீரில் அலச வேண்டும்.

நல்ல தாளுக்கும் இரசாயனத்திற்கும் தாராளமாகச் செலவிடுவோர்கூட, பூசுவதற்கு வீட்டுச் சாயம் அடித்த பழைய பிரஷை எடுத்துக்கொள்கின்றனர். அதன் முடியைக் கைப்பிடியோடு பிணைக்கும் பட்டை இரும்பாக இருந்தால் வந்தது வினை. துருவும் கரைசலும் சேர்ந்தால் வெயில் படாமலேயே நீலம் உண்டாகும். பெரும்பாலும் அலசிய பிறகுதான், வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் நீலப் புள்ளிகள் கண்ணில் படும். அதற்குள் தாளும் போய்விட்டது, பாதி நாளும் போய்விட்டது.

ஆகவே உலோகமில்லாத தூரிகையே நல்லது. 'ஹாகே' எனப்படும் ஜப்பானியத் தட்டைத் தூரிகையில் ஆட்டு முடியை மரப்பிடியில் நூலால் தைத்திருப்பார்கள். ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஒரே குறை, முடி உதிரும். முதல் பயன்பாட்டுக்கு முன் அலசி, தளர்ந்த முடிகளை இழுத்து எடுத்துவிடுங்கள். பஞ்சுத் தூரிகை மலிவு. ஆனால் கரைசலை நிறையக் குடிக்கும், அழுத்தித் தேய்த்தால் தாளின் மேற்பரப்பும் பிசிறிவிடும். உலோகப் பட்டையுள்ள செயற்கை முடித் தூரிகைதான் கையில் உண்டென்றால், பட்டைமீது நகப்பூச்சு தடவிக் காயவைத்து, முடியின் நுனியை மட்டும் நனைக்கலாம்.

பூசுமுன் தூரிகையைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, துணியில் ஒற்றி எடுத்தால் கரைசல் வீணாகாது. விலை கூடிய பிளாட்டினம், பல்லேடியம் அச்சில் இது மிக முக்கியம். சயனோடைப்புக்குப் பயன்பட்ட தூரிகையை அந்த அச்சுகளுக்குத் தொடவே கூடாது. கைப்பிடியில் பெயரெழுதித் தனித்தனியே வையுங்கள்.

வேலை முடிந்த கையோடு, வெளிச்சம் படுமுன், நீர் தெளிவாக ஓடும்வரை அலச வேண்டும். முடியில் தங்கிய கரைசல் வெளிச்சத்தில் நீலமாகி ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூச்சில் கரையாக இறங்கும். சோப்பு வேண்டாம். பிறகு முடி கீழ்நோக்கி இருக்கும்படி தொங்கவிடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் டப்பாவில் மூடி வைத்தால் ஆட்டு முடியில் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே வைக்கவும்.