துன் பாத்திமா: இரு மணங்களும் ஓர் அரியணையும்



மலாக்கா வரலாற்றைக் கற்பிக்கையில் இராஜா முதலியார் என்னும் பெயர் வந்தவுடன் வகுப்பில் ஒரு சங்கடம் எழும். "பெண்டாகாரா மீது பழி சுமத்தியவர் தமிழரா ஐயா?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள். ஆம் என்றேன். ஆனால் கொல்லப்பட்டவரும் தமிழ்த் தொடர்பு உடையவரே என்பதை நாம் பெரும்பாலும் சொல்வதில்லை.

கதை நம் பத்து பாகாட்டைத் தொட்டுத் தொடங்குகிறது. 1456-ஆம் ஆண்டளவில் சயாமியக் கப்பற்படை இவ்வூர்க் கடலை நெருங்கியபோது, துன் பேராக் கரையோரக் கண்டல் மரங்களில் தீப்பந்தங்களைக் கட்டச் செய்தார். எண்ணிறந்த கப்பல்கள் நிற்பதாக மயங்கிப் பகைவர் திரும்பினர் என்கிறது 'செஜாரா மெலாயு'.

அவருடைய உடன்பிறந்தவரான துன் குடு, சுல்தான் முசபர் ஷாவின் மனைவி. பெண்டாகாரா பதவியில் இருந்த துன் அலி, தென்னிந்தியாவிலிருந்து வந்த மணி புரிந்தானின் வழியினர். அவர் பதவியைத் துன் பேராக்கிற்கு விட்டுக் கொடுக்க, அதற்கு ஈடாகச் சுல்தான் துன் குடுவை மணவிலக்குச் செய்து அவருக்கு மணமுடித்தார். அந்த அம்மையாரின் விருப்பத்தை எவரும் கேட்டதாக ஏட்டில் இல்லை!

அவர்களுடைய மகனே பெண்டாகாரா துன் முத்தாகிர். அவருடைய மகள் துன் பாத்திமா. பேரழகியாகிய மகளைச் சுல்தான் மாமுட் ஷாவிடம் காட்டாமலேயே துன் அலி என்ற மற்றோர் இளைஞருக்கு மணம் செய்து கொடுத்தார் தந்தை. (பாட்டனார் பெயரும் துன் அலியே, மாணவர் குழம்பாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.) திருமணத்தில் மணமகளைக் கண்ட சுல்தான் உள்ளத்தில் வன்மம் கொண்டார். பின்னர் வணிகத் தலைவர் இராஜா முதலியாரின் பழிச்சொல் லக்சமணா கோஜா அசான் வாயிலாக அரண்மனையை எட்டியது. 1510-இல் தந்தை, தமையன், கணவர் மூவரும் கொல்லப்பட்டனர். துன் பாத்திமா சுல்தானின் மனைவியாக்கப்பட்டார். குற்றச்சாட்டு பொய்யென்று பின்னரே தெளிந்தது. இராஜா முதலியாரும் கொல்லப்பட்டார்.

அதன்பின் அரசி சிரித்ததே இல்லை என்கிறது ஏடு. கருவுற்ற போதெல்லாம் அதனைக் கலைத்தார் என்றும் கூறுகிறது. இதை நான் ஆரம்பப்பள்ளி வகுப்பில் சொல்வதில்லை. ஆயினும் பெரியவர்கள் அறிய வேண்டும். ஏன் என்று சுல்தான் வினவியபோது, அரியணைக்கு உரிய மகன் தங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறாரே என்றார். ஆண் மகவு பிறப்பின் அவனே அரசனாவான் என்று சுல்தான் வாக்களித்த பிறகே அவர் தாயானார். பாட்டியை ஒரு பதவிக்கு ஈடாக்கினார்கள்; பேத்தியோ தாமே பேரம் பேசினார்.

இந்நூலின் 1612-ஆம் ஆண்டு வடிவம் துன் ஸ்ரீ லானாங்கின் பெயரால் வழங்குவது. அவரும் பெண்டாகாரா குலத்தவரே. ஆகவே தம் குலத்து மகளைச் சற்றே உயர்த்தி எழுதியிருக்கக் கூடும் என்பது என் ஐயம்.

வாக்கு மட்டும் நிறைவேறியது. 1511-இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்தது. பிந்தானும் 1526-இல் அழிந்தது. 1528-இல் கம்பாரில் சுல்தான் மறைந்தபோது, மூத்தவரான முசபர் விலக்கப்பட்டார். அவர் பேராக்கின் முதல் சுல்தானானார். துன் பாத்திமாவின் மகன் அலாவுதீன் ரியாயத் ஷா அரியணை ஏறினார். அவரே நம் ஜொகூரின் முதல் சுல்தான்.

மறுவாரம் இதைக் கூறியபோது அம்மாணவி, "அன்றாவது அவர் சிரித்தாரா ஐயா?" என்றாள். ஏட்டில் அதற்கு விடையில்லை.