அக்கரைப்பற்றுக் கரையோர முஸ்லிம்களின் பண்பாடு

இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் ஊர்களில் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம்களின் பண்பாடு, தாய்வழிக் குடிமுறையையும் பெண்ணுக்குரிய வீட்டையும் அடித்தளமாகக் கொண்டது. இம்மாவட்டம் 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இங்கு ஏறத்தாழ 43 சதவீதத்தினர் முஸ்லிம்கள்.

குடி

பிள்ளைகள் உம்மாவின் (தாயின்) குடியைச் சேர்ந்தவர்கள். ஒரே குடிக்குள் மணம் முடிப்பது மரபல்ல. மாமன், மாமி பிள்ளைகள் வேறு குடியினராவதால் மச்சான், மச்சி முறைக் கலியாணத்துக்குத் தடையில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்திலும் குடிக்கொரு மரைக்கார் என்ற பொறுப்பாளர் இடம்பெற்றார். அயலிலுள்ள இந்துத் தமிழரிடமும் இதே குடிமுறை உண்டு. திமிலர் என்ற சமூகத்தாரோடு நடந்த போரில் இந்துத் தமிழரான முக்குவருக்குப் பட்டாணியர் என்ற முஸ்லிம்கள் துணைநின்று, பரிசாக முக்குவப் பெண்களை மணந்தனர் என்ற வாய்மொழிக் கதை இவ்வொற்றுமைக்குக் காரணம் கூறுகிறது.

வீடும் கலியாணமும்

மகளுக்கு வீடு கொடுப்பது பெற்றோரின் பெருங்கடமை. தாம் வாழ்ந்த வீட்டையே மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, இளைய பிள்ளைகளோடு பக்கத்தில் வேறு வீடு கட்டிப் போவோரும் உண்டு. மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவார். அதனால் உம்மா, ராத்தா, தங்கச்சி வீடுகள் ஒரே வளவில் அடுத்தடுத்து அமையும். இஸ்லாமிய வாரிசுரிமையில் மகளின் பங்கு மகனின் பங்கில் பாதி. இங்கோ பெற்றோர் உயிரோடிருக்கும்போதே சொத்தில் பெரும்பகுதி மகள்மாரிடம் போய்விடுகிறது. இதுபோலத் தமிழ்நாட்டின் காயல்பட்டினத்து முஸ்லிம்களிடமும் மணமான பெண் தாய்வீட்டிலேயே வாழ்கிறாள். கேரளத்தின் வட மலபாரில் மாப்பிள்ளா முஸ்லிம்களின் தறவாடு என்ற கூட்டுக் குடும்பமும் மரபில் தாய்வழிப்பட்டது.

தொழில், கலை

நெல் வேளாண்மையே முதன்மைத் தொழில். நிலவுடைமையாளர் போடியார் எனப்படுவார். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நீர்ப்பாசனத்தையும் குடியேற்றத்தையும் மாற்றியது. மருதமுனை கைத்தறிச் சாறனுக்குப் பேர்பெற்றது. கலியாண வீட்டில் பெண்கள் குரவையிடுவர். பொல்லடி, சீனடி, சிலம்படி ஆகிய கம்பாட்ட, தற்காப்புக் கலைகளை அண்ணாவிமார் என்ற ஆசான்கள் பழக்கினர். காதலையும் பிரிவையும் சொல்லும் நாட்டார் கவிகளைத் தொகுத்தோரில் நிந்தவூர் எஸ். முத்துமீரான் குறிப்பிடத்தக்கவர்.

சமய வழக்கங்கள்

தமிழ்நாட்டின் நாகூரில் அடங்கியுள்ள இறைநேசர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாகக் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடியேற்றமும் கந்தூரி விருந்தும் நடைபெறுகின்றன. ரிபாயி என்ற சூஃபி வழியைச் சேர்ந்த பக்கீர்கள் றபான் என்ற தோற்கருவியைத் தட்டி ராத்தீபு என்ற இறைதுதி ஓதுவர். சீர்திருத்த இயக்கங்கள் இவ்வழக்கங்களை மார்க்கத்துக்குப் புறம்பானவை என மறுக்கின்றன.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கடலோரச் சீதன வீடுகள் அழிந்தன. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டுவதற்கு முதலில் தடை விதிக்கப்பட்டது. மாற்று வீடுகள் வழங்கப்பட்டபோது ஆணே குடும்பத் தலைவர் என்ற நிர்வாக வழக்கப்படி ஆண்களின் பெயர்களே வீட்டு உறுதிகளில் பெரிதும் இடம்பெற்றன. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, பற்றீசியா லோரன்ஸுடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார். உம்மாவிடமிருந்து மகளுக்குக் கைமாறி வந்த வீடு, அரசின் ஏட்டில் வாப்பாவின் (தந்தையின்) வீடானது.